ஐப்பசி மழைக்கு முன் கதவு, ஜன்னலுக்கு எந்தப் பெயிண்ட்?

புரட்டாசி வெயில் இருக்கும்போதே மரவேலைக்குப் பெயிண்ட் அடித்து முடித்துவிடுங்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். அதன்மேல் அடித்த பெயிண்ட் கொப்புளித்து உரியும். தீபாவளிக்கு வீட்டைப் புதுப்பிப்பவர்கள் ஆளைக் கூப்பிட வேண்டியது இப்போதுதான்.

கடையில் கிளாஸ், சாட்டின், மேட் என்று மூன்று சொல்வார்கள். மரத்துக்கு மேட் வேண்டாம். சுவரில் அழகாக இருக்கும் அந்த மங்கல், கதவில் கைபட்ட அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் பளபளக்கும். வாசல் நிலை, சமையலறைக் கதவு, மழைச்சாரல் படும் ஜன்னல் ஆகியவற்றுக்குக் கிளாஸ்தான் சரி. நிலையில் மஞ்சள் குங்குமம் வைக்கிற வீட்டில் இதில் யோசிக்கவே வேண்டியதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கிளாஸ் பள்ளம் மேடு எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். அதனால் பழைய, அடிபட்ட அறைக்கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் பளபளப்பு குறைந்த சாட்டின் அடியுங்கள்.

வெள்ளை நிறம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த அறையில் நாளடைவில் மஞ்சளாகும். தண்ணீரில் கலக்கும் எனாமல் அப்படி ஆகாது, வாடையும் குறைவு. அது தொட்டால் சீக்கிரம் காய்ந்த மாதிரி இருக்கும். அதை நம்பிக் கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். சில நாள் திறந்தே வையுங்கள்.

உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடித்து, மக்கு வைத்து, மறுபடி தேய்த்த பிறகே பெயிண்ட். எண்ணெய் எனாமல் என்றால் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இரவாவது விடுங்கள். கதவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணில் படாததால் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. மழைக்காலத்தில் கதவு இறுகுவதற்கு அந்த இரண்டு விளிம்புகளும் முக்கியக் காரணம். பக்கத்தில் நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய வீடாக இருந்தால் கவனம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கட்டும், தேய்ப்பவர் நல்ல முகக்கவசம் போடட்டும். தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.