நாடு முழுக்க ஒரு நோயை எப்படி எண்ணுவது?

வகுத்தலும் பெருக்கலும் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைப் படிங்க.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் செல்களில் வரும் புற்றுநோயின் பெயர் மெலனோமா. வெளிர் நிறத் தோல் உள்ளவர்களுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர்களால் இது அதிகம் வருகிறது. உலகில் இது மிக அதிகமாக உள்ள நாடு ஆஸ்திரேலியா.

எண்ணும் முறை

அங்கே புற்றுநோய் என்று தெரிந்தால் மருத்துவமனையும் பரிசோதனைக் கூடமும் மாநிலப் பதிவேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். இது சட்டம். ஒரே நோயாளியின் விவரம் இரண்டு இடத்திலிருந்து வந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். 2022-ல் புதிய நோயாளிகள் சுமார் 16,800 பேர் என்பது மதிப்பீடு. மக்கள்தொகை சுமார் 260 லட்சம்.

16,800 ÷ 260 = 64.6

அதாவது ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 65 பேர்!

சுமை என்றால் என்ன?

80 வயது வரை வாழ வேண்டியவர் 70-ல் இறந்தால் 10 வருஷம் இழப்பு. 35-ல் இறந்தால் 45 வருஷம் இழப்பு. இரண்டும் ஒரு மரணம்தான், ஆனால் சுமை ஒன்றல்ல. இழந்த வருஷங்களோடு, நோயில் கஷ்டப்பட்ட காலத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கூட்டுவார்கள். அதுதான் நோய்ச்சுமை.

பதிவேடு இல்லாத ஊருக்கு?

பதிவேடு உள்ள பகுதியை வைத்து மதிப்பிடுவார்கள். ஒரு உதாரணம்: 5 லட்சம் பேர் உள்ள பகுதியில் 10 நோயாளிகள். நாட்டில் 1 கோடி பேர், அதாவது 20 மடங்கு. அப்போ 200 நோயாளிகள். ஆனால் அந்தப் பகுதியில் ஒருத்தரை எழுதாமல் விட்டால் நாட்டுக் கணக்கில் 20 பேர் காணாமல் போவார்கள்!

எங்க அப்பத்தா இறந்தப்போ என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை. "வயசாயிடுச்சு" என்று சொல்லிட்டாங்க. அவங்க எந்த நோய்க் கணக்கிலும் இல்லை. எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே எத்தனை டாக்டர், எவ்வளவு மருந்து வேண்டும் என்று அரசு திட்டம் போட முடியும்?

எண்ணியதால் என்ன பயன்?

1981-ல் ஆஸ்திரேலியாவில் "சட்டை போடு, வெயில் களிம்பு பூசு, தொப்பி வை" என்று பிரச்சாரம் தொடங்கினார்கள். பிறகு 40 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மெலனோமா குறைந்தது. வயதுவாரியாக எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது.

இந்தியாவில் சென்னை, பெங்களூரு நகரங்களில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவு நடக்கிறது. நம்மவர்களுக்கு மெலனோமா அபூர்வம். ஆனால் வந்தால் பல நேரம் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். அங்கே புதுசாக ஒரு கரும்புள்ளி வந்து பெரிதானாலோ, புண் ஆறாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. வீட்டில் தாத்தா பாட்டி காலையும் பாருங்க.

செய்து பார்: 4 லட்சம் பேரில் 6 நோயாளிகள் என்றால், 2 கோடி பேரில் எத்தனை பேர்?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி