ஐந்து பேர், ஒரு படப்பட்டியல்



இந்த முறை நம்முடைய பாடம், ஒரு சின்னக் குழு தன் புகைப்படங்களை எப்படிச் சேர்ந்து பராமரிப்பது என்பது. "போட்டோதானே, கிளவுட்ல போட்டா முடிஞ்சிச்சு" என்று சிலர் நினைப்பீர்கள். மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். பத்துமலையில் எங்கள் இளைஞர் குழு தண்ணீர்ப் பந்தல் போட்டது. ஐந்து பேர் படம் எடுத்தோம். மூன்று கேமரா, இரண்டு கைப்பேசி, மொத்தம் 4,000 படங்களுக்கு மேல். அதற்குப் பிறகு நானும் குழுவில் உள்ள ஓர் அக்காவும் பல நாள் உட்கார்ந்து, படத்தில் இருப்பது யார், எந்த இடம், எந்த நேரம் என்று குறிச்சொல் போட்டோம்.

ஜூன் மாதம் ஒரு செய்தி வந்தது. எங்கள் பந்தலில் வருசா வருசம் மோர் ஊற்றிக் கொடுக்கும் தாத்தா தவறிவிட்டார். அவருடைய பேத்தி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, தாத்தா அன்னிக்கு உங்க பந்தல்ல சிரிச்சிக்கிட்டு நின்னாரு. அந்தப் படம் இருந்தா கொடுங்க. வீட்ல மாட்டுற மாதிரி ஒரு நல்ல படமே இல்ல."

கணினியில் அவர் பெயரைத் தேடினேன். ஒரு படமும் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். "தம்பி, நான் அவர்கிட்டயே கேட்டு முழுப் பேரையும் போட்டேனே!" என்றார். அக்கா பொய் சொல்லவில்லை. அவர் போட்ட பெயரை அழித்தது நான்தான்.

நடந்தது இதுதான். படப்பட்டியல் கோப்பை நாங்கள் கிளவுட் கோப்புறையில் வைத்து, இருவரும் அவரவர் மடிக்கணினியில் திறந்து வேலை செய்தோம். மார்ச்சில் அக்கா தெலுக் இந்தானுக்குப் போயிருந்தார். அங்கே இணையம் சரியில்லை. 11 நாள் இணையம் இல்லாமலே குறிச்சொல் போட்டுக்கொண்டிருந்தார். அதே 11 நாளும் நான் இங்கே என் நகலில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து இணையத்தில் சேர்ந்ததும் கோப்புறையில் இரண்டு பட்டியல்கள் நின்றன. ஒன்றின் பெயரில் 'முரண்பட்ட நகல்' என்று இருந்தது. ஏதோ தேவையில்லாத நகல் என்று நினைத்து அதை நான் அழித்துவிட்டேன். அக்காவின் கணினியிலிருந்தும் அது போய்விட்டது. அவருக்குத் தேர்வு நேரம், அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. ஜூனில் குப்பைத்தொட்டியைத் தேடிப் பார்த்தோம். கெடு முடிந்து அதுவும் காலியாகியிருந்தது.

1. படம் வேறு, பட்டியல் வேறு

நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருக்கும். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற விவரம் பதிவேட்டில் இருக்கும். பதிவேடு தொலைந்தால் புத்தகம் தொலையாது, ஆனா தேடி எடுக்க முடியாது. கேட்டலாக் என்று சொல்கிறோமே, அது இந்தப் பதிவேடுதான்.

லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம் போன்ற மென்பொருள்கள் படங்களைத் தங்களுக்குள் விழுங்கி வைப்பதில்லை. படம் ஹார்ட் டிஸ்க்கில் தன் இடத்திலேயே இருக்கும். அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது, என்ன குறிச்சொல், எத்தனை நட்சத்திரம், என்ன திருத்தம் என்பதெல்லாம் பட்டியலில் இருக்கும். லைட்ரூம் கிளாசிக்கின் பட்டியல் ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளம். டிஜிகேமும் வழக்கமாக அதையேதான் பயன்படுத்துகிறது.

எங்கள் 4,000 படங்களும் பத்திரமாக இருந்தன. போனது பெயர்கள் மட்டும்.

2. ஏன் இருவர் ஒரே நேரத்தில் எழுதக்கூடாது?

எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒரே ஒரு கோப்பு. பலர் படிக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒருவர் எழுதும்போது கோப்புக்குப் பூட்டுப் போடப்படும். அந்தப் பூட்டு ஒரே கணினிக்குள் நன்றாக வேலை செய்யும். நெட்வொர்க் வழியாகத் திறந்தால் அதை முழுதாக நம்ப முடியாது என்று எஸ்கியூலைட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. லைட்ரூம் கிளாசிக் நெட்வொர்க் டிரைவில் உள்ள பட்டியலைத் திறக்கவே மறுக்கும். படங்கள் நெட்வொர்க்கில் இருக்கலாம். பட்டியல் மட்டும் உங்கள் கணினியிலோ அதில் செருகிய டிஸ்க்கிலோ இருக்க வேண்டும்.

கிளவுட் கோப்புறையில் சிக்கல் இன்னும் பெரியது. அங்கே இருப்பது ஒரு கோப்பு அல்ல, ஆளுக்கொரு நகல். கிளவுட்டுக்கு உள்ளே இருக்கும் குறிச்சொல் எதுவும் தெரியாது. 'கோப்பு மாறியிருக்கிறது' என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் ஒன்றாகச் சேர்க்கத் தெரியாமல் இரண்டையும் வைத்துவிடும்.

ஓலைச்சுவடிக் காலத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. ஒரே நூலை ஊர் ஊராகப் படியெடுக்கும்போது படிக்குப் படி சொல் மாறும். அதைத்தான் பாடபேதம் என்கிறோம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். மாறுபட்ட படி கிடைத்தபோது அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. நான் போட்டேன்.

3. சின்னக் குழுவுக்கு மூன்று வழிகள்

முதல் வழி, ஒரு காப்பாளர். மூலப் பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கும். மற்றவருக்கு வேண்டிய பகுதியை அவர் தனிப் பட்டியலாக ஏற்றுமதி செய்து கொடுப்பார். லைட்ரூம் கிளாசிக்கில் ஸ்மார்ட் பிரிவியூவும் சேர்த்துக் கொடுக்கலாம். அது மூலப் படத்தின் சின்னப் பிரதி. மூலப் படம் கையில் இல்லாமலே அதை வைத்து வேலை செய்யலாம். முடித்ததும் காப்பாளர் அதைத் தன் பட்டியலில் இறக்குமதி செய்துகொள்வார். மெதுவான வழிதான், ஆனா குழப்பம் குறைவு.

இரண்டாவது வழி, விவரத்தைப் படத்தோடு சேர்த்தே எழுதுவது. எக்ஸ்எம்பி என்ற முறை இதற்காகவே இருக்கிறது. அடோபி 2001இல் கொண்டுவந்தது, 2012இல் ஐஎஸ்ஓ தரமானது. ஜேபெக் படமாக இருந்தால் பெயரும் குறிச்சொல்லும் படக் கோப்புக்குள்ளேயே பதியும். கேமராவின் ரா கோப்பாக இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பு உருவாகும். ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் 'கோப்பிலிருந்து விவரத்தைப் படி' என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கை உண்டு. லைட்ரூமில் உருவாக்கும் கலெக்‌ஷன், வர்ச்சுவல் காப்பி போன்றவை எக்ஸ்எம்பியில் போகாது. ஒரே படத்தை இருவர் தொட்டால் கடைசியாகச் சேமித்தவர் எழுதியதே நிற்கும். அதனால் காலைப் படம் ஒருவருக்கு, மாலைப் படம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, சர்வர் தரவுத்தளம். டிஜிகேம் இலவச மென்பொருள். எஸ்கியூலைட்டுக்குப் பதிலாக மரியாடிபி சர்வரோடு அதை இணைக்கலாம். சர்வர் என்றால் பெரிய செலவு இல்லை, வீட்டில் உள்ள பழைய கணினி போதும். ஆனால் எல்லாக் கணினியும் அதே படக் கோப்புறையை அடைய வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் குழுவில் வேண்டும். டிஜிகேம் அடிப்படையில் தனி ஆளுக்காகச் செய்தது, அதனால் இங்கேயும் முறை வைத்து எழுதுவதுதான் நல்லது.

எங்கள் குழு முதல் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. அக்கா காப்பாளர். பெயர்கள் எல்லாம் படத்துக்குள்ளும் எழுதப்படும்.

4. விழாவுக்கு முன் செய்ய வேண்டியவை

- எல்லாக் கேமராவிலும் நேரத்தை ஒன்றாக வையுங்கள். ஒரு கேமரா பத்து நிமிடம் பின்தங்கினாலும் படங்களின் வரிசை குழம்பிவிடும்.
- கோப்புப் பெயரை மாற்றுங்கள். இரண்டு கேமராவும் ஒரே எண்ணைக் கொடுக்கும். தேதி, எடுத்தவர், எண் என்று வைத்தால் மோதாது.
- குறிச்சொல் பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒருவர் 'பத்துமலை' என்றும் இன்னொருவர் 'பத்து மலை' என்றும் போட்டால், தேடும்போது பாதிதான் வரும்.
- வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே எழுதிய விவரமும் போய்விடும். மூலப் படத்தை டாக்குமெண்டாக அனுப்புங்கள்.
- 3-2-1 விதியைப் பின்பற்றுங்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கியது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இதில் பட்டியலையும் சேர்க்க மறக்காதீர்கள்.
- உங்களுக்குப் புரியாத கோப்பை அழிக்காதீர்கள். குழுவில் கேளுங்கள்.

தாத்தாவின் படம்

மூன்று பேர் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தோம். இரண்டாம் நாள் விடியற்காலையில் கிடைத்தது. கையில் மோர்க் குவளை, தோளில் துண்டு, யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேத்தி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரிடமே தாத்தாவின் முழுப் பெயரைக் கேட்டு, இந்த முறை படத்துக்குள்ளேயே எழுதினேன்.

ஆனால் அந்த 11 நாளில் அக்கா பெயர் போட்ட மற்றவர்கள்? பாதிப் பேரைத் திரும்பக் கண்டுபிடித்தோம். மீதிப் பேர் முகத்தோடு மட்டும் இருக்கிறார்கள். படத்தைத் திரும்ப அச்சடிக்கலாம். பெயர் தெரிந்தவர் மறந்துவிட்டால் பெயரைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

உங்கள் குழுவுக்கு ஒரு பயிற்சி

1. உங்கள் கடைசி விழாப் படங்களின் பட்டியல் எந்தக் கணினியில் இருக்கிறது? எத்தனை நகல் இருக்கிறது?
2. அதில் பத்துப் படத்தை எடுங்கள். எத்தனை பேருக்குப் பெயர் எழுதியிருக்கிறீர்கள்?
3. குழுவில் மூத்தவர் ஒருவரை அழைத்து, பழைய படங்களைக் காட்டி, "ஐயா, இவங்க யாரு?" என்று கேட்டு இந்த வாரமே எழுதுங்கள்.

மூன்றாவதை முதலில் செய்யுங்கள். மற்ற இரண்டும் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.