வலியறிதலும் போர்ப்பொறியும்

முன்னுரை

பொறி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதிலின்மேல் அமைந்திருந்த போர்ப்பொறிகளை நிரல்படக் கூறுகின்றது. அவை நகரைக் காக்க அமைந்தவை. இன்றோ தொலைவிலிருந்து இயக்கப்பெறும் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பொருதும் ரோபோ போர் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. செயலில் இறங்குவோன் சீர்தூக்க வேண்டிய வலிமைகள் நான்கு என வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வகுத்தார். அந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு, இலகு எடைப் போர்ப்பொறி ஒன்றின் அமைப்பையும் வெற்றியையும் ஈண்டு ஆராய்வோம்.

வினைவலி

1994ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மார்க் தார்ப் என்பார் ‘ரோபாட் வார்ஸ்’ போட்டியை முதன்முதலாக நடத்தினார். 1999இல் ‘பேட்டில்பாட்ஸ்’ போட்டி தோன்றியது. 48 அடிச் சதுரக் களத்தில் 3 நிமிடப் போர். எதிரியை அசையவொட்டாமல் செய்தால் வெற்றி. இரண்டும் இறுதிவரை இயங்கினால், அத்தொடக்க காலத்தில் நடுவர் மூவர் முனைப்பு, உத்தி, சேதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் வீதம், ஆக மொத்தம் 45 மதிப்பெண்களைப் பகிர்ந்தளித்தனர். அன்றைய இலகு எடைப் பிரிவின் உச்சவரம்பு 60 பவுண்டாக இருந்தது. அதாவது சுமார் 27.2 கிலோ. இவ்வரம்பே இவ்வினையின் வன்மை எனலாம். ஆயுதத்திற்குக் கூட்டும் ஒவ்வொரு கிராமையும் கவசத்திலோ மின்கலத்திலோ குறைத்தாக வேண்டும்.

தன்வலி

ஜேசன் பார்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் படைத்த ‘டாக்டர் இன்ஃபெர்னோ ஜூனியர்’ 2001இலும் 2002இலும் பேட்டில்பாட்ஸ் இலகு எடைப் பட்டத்தை வென்றது. தோற்றத்தில் அது ஒரு விளையாட்டுப் பொம்மை. பெட்டி போன்ற உடல். உச்சியில் பொம்மைத் தலை. கைகளில் சிறு அரத்தட்டுகள். காண்போர் நகைப்பர். ஆயின் அதன் வலிமை கைகளில் இல்லை. தரையோடு ஒட்டிச் செல்லும், தோசைத்திருப்பி போன்ற தட்டைத் தகடுகளிலும், விரைந்து திரும்பும் சக்கரங்களிலும் இருந்தது.

எடைக் கணக்கின் அருமையை ஒரு சான்றால் உணரலாம். 30 சென்டிமீட்டர் நீள அகலமும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு தகட்டை எஃகில் செய்தால் ஏறக்குறைய 3.5 கிலோ, டைட்டானியத்தில் 2 கிலோ, அலுமினியத்தில் 1.2 கிலோ. எஃகுத் தகடு ஒன்றே மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மயிலிறகே ஆயினும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என அதே அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவது இங்குச் சாலப் பொருந்தும்.

மாற்றான் வலி

அதே பிரிவில் களங்கண்ட ‘ஜிக்கோ’ என்னும் பொறி, கவிழ்த்த வாணலி போன்ற தன் ஓடு முழுவதையும் சுழற்றித் தாக்கியது. அதுவும் பட்டம் வென்ற பொறியே. சுழலும் பொருளின் எடையை மட்டும் இருமடங்காக்கினால் ஆற்றலும் இருமடங்காகும். வேகத்தை இருமடங்காக்கினாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே சுழல்வகைப் பொறிகள் அஞ்சத்தக்கவை.

எனினும் அவ்வேகத்தை எட்டச் சிறிது நேரம் வேண்டும். அதற்குள் நெருங்கி முட்டுவோன் அவ்வாற்றல் திரளாமல் தடுக்கிறான். தாழ்ந்த தகடு எதிரியின் அடியில் நுழைந்தால் மற்றொரு நன்மையும் விளையும். எதிரியின் சக்கரம் தரையை விட்டு எழும், பிடிப்பை இழக்கும். அதன் எடையில் ஒரு பகுதி நம் சக்கரங்களின்மேல் இறங்கி, நம் பிடிப்பைக் கூட்டும். மாற்றானின் எடையே நமக்கு வலிமையாகும் விந்தை இதுவாகும்.

துணைவலி

களத்தில் பொறி தனித்து நிற்பினும் அதன் பின்னே ஒரு குழு நிற்கிறது. ஒரு போருக்கும் அடுத்த போருக்கும் இடையே முறிந்ததை மாற்றும் கைகளும், பலநாள் பயின்ற இயக்குநரும் இன்றேல் சிறந்த அமைப்பும் வீணே. தற்காலத்தில் வழங்கும் லித்தியம் மின்கலம் துளைபட்டால் தீப்பற்றும்; மின்னேற்றும்போது ஒருவர் அருகிருத்தல் வேண்டும். மூடிய களத்திற்கு வெளியே சுழல் ஆயுதத்தைப் பூட்டியே வைத்தல் வேண்டும். உயிருக்கு ஊறு நேரும் விளையாட்டு விளையாட்டாகாது.

நிறைவுரை

நம் நாட்டிலும் சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா, மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் ஆகிய விழாக்களில் இத்தகைய போர்கள் நடந்துள்ளன. பெருநகரத்தார்க்கும் செல்வர்க்குமே உரியது இத்துறை எனச் சிறுவாச்சூர் வட்டார மாணவர் ஒதுங்க வேண்டுவதில்லை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையோரத்துப் பற்றவைப்புப் பட்டறையிலும், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையிலும் இக்கல்வியின் முதற்பாடம் இருக்கின்றது. அங்கே இரும்பின் எடையைக் கையால் தூக்கியே கணிக்கும் மூத்த தொழிலாளர் நம் ஆசான்கள் ஆவர்.

ஆயுதத்தை வரையுமுன் எடைப் பட்டியலை எழுதுக. உடல், சக்கரம், மோட்டார், மின்கலம், ஆயுதம் எனப் பங்கிட்டு, திருகாணிகளுக்கும் கம்பிகளுக்கும் ஒரு பங்கை ஒதுக்குக. பட்டியல் வரம்பைக் கடந்தால், குறைக்க வேண்டியது எது எனக் குழுவாக அமர்ந்து முடிவு செய்க. இரும்பை அறுக்குமுன் ஆசைகளை அறுத்துக்கொண்ட குழுவே களத்தில் நிலைபெறும். பொம்மைத் தலையுடன் இருமுறை வாகை சூடிய அச்சிறு பொறி நமக்குக் கற்பிப்பது இதுவே.