ஒரே பல்லில் ஓடட்டும் பழைய கியர் சைக்கிள்

கியர் சைக்கிளில் முதலில் கெட்டுப்போவது கியர்தான். கேபிள் துருப்பிடிக்கும், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெய்லர் வளையும், மேலே ஏறிய செயின் கீழே இறங்காது. அதோடு சைக்கிள் பரணுக்குப் போய்விடும். பிரேமுக்கும் போர்க்குக்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக் கடைகளில் கியர் பாகம் தேடி அலைவதைவிடக் கியரையே கழற்றிவிடுவது மலிவு. 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியும், தோட்டத்துக்குப் போகும் பழைய ஹெர்குலிஸும் ஒற்றை வேக சைக்கிள்கள்தான். அவற்றுக்கான சிங்கிள் பிரீவீலும் செயினும் எந்தக் கடையிலும் தொங்கும். நம் பழைய வண்டியையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டால் பிறகு பாகத்துக்குப் பஞ்சமில்லை.

ஐரோப்பாவில் சேற்றிலும் புல்மேட்டிலும் ஓட்டும் சைக்ளோகிராஸ் பந்தயம் உண்டு. அதன் முதல் உலகப் போட்டி 1950இல் பாரிஸில் நடந்தது. அந்தப் பந்தயத்துக்கான பழைய சைக்கிள்களையும் பலர் இப்படி ஒற்றைப் பல்லுக்கு மாற்றி ஓட்டுகிறார்கள். சேறு புகுந்து அடைக்க அங்கே கியரே இருக்காது. நமக்குச் சேற்றைவிடச் செம்மண் புழுதிதான் எதிரி. வழி ஒன்றுதான்.

1. பிரேமைச் சோதியுங்கள்

அலுமினியம், கார்பன் வேண்டாம். இரும்பு பிரேமே போதும். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலும், பெடல் அச்சைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் காயலான் கடைக்கு அனுப்புங்கள்.

அடுத்து, பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளம். அது முன்பின்னாகப் படுத்த பள்ளமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கலாம், வேலை சுலபம். செங்குத்துப் பள்ளமாக இருந்தால் இழுக்க இடமில்லை. அப்போது பழைய டீரெய்லரையே விட்டுவைத்து, அதன் திருகுகளால் ஒரே இடத்தில் நிறுத்தி, செயினை இழுத்துப் பிடிக்கும் கையாகப் பயன்படுத்தலாம். காசு செலவில்லை.

கடைக்குப் போகுமுன் வாங்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு விலை கேளுங்கள். கூட்டுத்தொகை சாதாரணப் புது சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டினால் அந்த பிரேமை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

2. கழற்றுதல்

செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். கியர் லீவர், கேபிள், முன் டீரெய்லர் எல்லாம் வெளியே. பெடல் கழற்றும்போது கவனம்: வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர் மரை. இரண்டையுமே பின்சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் கழலும்.

கியர் பிரீவீலைக் கழற்ற அதற்கான சாவி வேண்டும், கடையில் இருக்கும். சாவியைப் பட்டறை வைஸில் பிடித்து, பிரீவீல் கீழே இருக்கும்படி சக்கரத்தை அதன்மேல் உட்கார வைத்து, ரிம்மை ஸ்டியரிங் போல இடப்பக்கம் சுற்ற வேண்டும். ஸ்போக்குகளை வெட்டிய பிறகு பிரீவீலைக் கழற்றுவது மிகவும் கஷ்டம். அதனால் ரிம் மாற்ற வேண்டியிருந்தாலும் இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

3. ஓவராயில்

ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கப் மூன்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பழைய பால்ஸை எண்ணி வைத்து, அதே அளவில் புதிதாகப் போடுங்கள். விலை மிகக் குறைவு. பெரும்பாலான பின் ஹப்புகளில் பக்கத்துக்கு 9 கால் அங்குல பால்ஸ், முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 சிறிய பால்ஸ், பெடல் அச்சில் பக்கத்துக்கு 11 கால் அங்குல பால்ஸ் இருக்கும். கோனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கிரீஸைத் தாராளமாக வையுங்கள். பெடல் அச்சின் வலது கப்பைக் கழற்றாமலே உள்ளே துடைத்துக்கொள்ளலாம்.

4. பல் கணக்கு

இந்த வேலையில் யோசித்து எடுக்க வேண்டிய ஒரே முடிவு இதுதான். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தின் பல்லைப் பின் பிரீவீல் பல்லால் வகுத்து, வரும் விடையைப் பின்சக்கரச் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு) வண்டி எத்தனை மீட்டர் போகும் என்று தெரியும். சுற்றளவு காண டயரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி அளங்கள். 26 x 1.95 டயருக்கு ஏறக்குறைய 2.05 மீட்டர் வரும்.

ரோட்ஸ்டர் வழக்கப்படி 44க்கு 18 வைத்தால் ஒரு மிதிக்கு 5 மீட்டர். சமவெளியில் சுகம், இங்கே முட்டி வலிக்கும். 38க்கு 18 என்றால் 4.3 மீட்டர். நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 18 கி.மீ. போகலாம். மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஏற்ற இறக்கத்துக்கு நான் சொல்வது இந்த அளவைத்தான். ஒகேனக்கல் போய்த் திரும்பி பென்னாகரம் ஏறுபவர்கள் பின்னால் 20 வைக்கலாம்.

வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எந்த ஒற்றைப் பல்லும் பொருந்தாது. அங்கே இறங்கித் தள்ளுங்கள். சைக்ளோகிராஸ் பந்தயக்காரர்களே மேடு வந்தால் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

பழைய எம்டிபியில் (மலைச் சைக்கிளில்) முன்னால் மூன்று பல்சக்கரம் ரிவெட் அடித்து இருக்கும். அதைப் பிரிக்க வேண்டாம். நடுப் பல்லில் செயினை ஓட்டுங்கள். இரு பக்கப் பல்சக்கரங்களும் செயின் கழன்று விழாமல் வேலி போல நிற்கும்.

5. செயின் நேராக ஓட வேண்டும்

கியர் செயின் மெல்லியது. சிங்கிள் பிரீவீலின் தடித்த பல்லில் உட்காராது. தடித்த ஒன்றின் கீழ் எட்டு அங்குலச் செயின் இரண்டிலும் உட்காரும். அதையே வாங்குங்கள்.

நீளமான ஸ்கேலை முன் நடுப் பல்லோடு ஒட்டிப் பின்னால் நீட்டுங்கள். அது பிரீவீல் பல்லின் மேல் நேராக வர வேண்டும். பிரீவீல் உட்பக்கம் தள்ளி இருந்தால், அச்சின் வலப்பக்க வாஷர்களில் ஒன்றிரண்டை இடப்பக்கம் மாற்றுங்கள். ஹப் வலப்பக்கம் நகரும். பிறகு கோட்டம் எடுப்பவரிடம் ரிம்மை பிரேமின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு: இரு பக்க ஸ்போக்கும் ஏறக்குறைய சம இழுப்பில் நிற்பதால் சக்கரம் முன்பைவிட உறுதியாகும்.

செயினை வெட்டி மாட்டி, லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி போடுங்கள். கிராங்கை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நடுச் செயின் மேலும் கீழுமாக 1 முதல் 1.5 செ.மீ. ஆட வேண்டும். பிறகு அச்சு நட்டை இறுக்குங்கள்.

6. பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது

பெயின்ட், ஸ்டிக்கர், புது சீட் எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம். பிரேக் கட்டை, கேபிள், அவுட்டர் மூன்றும் இரு பக்கமும் புதிதாக இருக்க வேண்டும். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் அலாய் ரிம்முக்குப் போடுங்கள்.

டயர் வாங்கும்போது 26 அங்குலம் என்ற பேச்சை நம்பாதீர்கள். 26 x 1 3/8 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ., 26 x 1.95 உட்காருவது 559 மி.மீ. ஒன்று மற்றதில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

7. ஓட்டிப் பாருங்கள்

முன் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளினால் சக்கரம் உருளக் கூடாது. பின் பிரேக்குக்கும் அப்படியே. முதல் ஓட்டத்தை ஊருக்குள் வையுங்கள். தொப்பூர் இறக்கம் லாரி விபத்துக்குப் பேர்போன இடம். சோதனைக்கு அது ஆகாது. சில கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். புதுச் செயின் இளகினால் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிடுங்கள்.

செம்மண் பாதையில் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை செயினைத் துணியால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட வேண்டும். மேலே வழியும் எண்ணெய் புழுதியைப் பிடித்துப் பல்லை அரைக்கும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒன்றின் கீழ் எட்டு அங்குலம் நீண்டுவிட்டால் செயினையும் பிரீவீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரு மாதம் ஓட்டிய பிறகு உங்கள் கால் சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொரு மேட்டிலும் எழுந்து நின்று மிதிக்க நேர்ந்தால் 20 பல்லுக்கு மாறுங்கள். சமரோட்டில் கால் காற்றில் சுற்றுவது போல இருந்தால் 16 போடுங்கள். இந்த வண்டியில் கியர் மாற்றுவது என்றால் மலிவான ஒரு பிரீவீலை மாற்றுவதுதான்.