எல்லாரும் ஒரே நேரத்தில் சார்ஜ் போட்டால்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கிலோவாட் மணி என்றால் என்ன என்று விளக்கி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "சார், எங்க அப்பா பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமான்னு யோசிக்கிறாரு. எல்லாரும் வாங்கிட்டா ஊருக்கே கரண்ட் பத்தாதுன்னு தாத்தா சொல்றாரு. நெசமா சார்?"

தாத்தாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2012ஐ எங்கள் சிவகாசிப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. அச்சகங்கள் ஜெனரேட்டரை நம்பி ஓடின. அன்றைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள்.

"கணக்குப் போட்டே பார்த்துடுவோம்" என்று கரும்பலகைக்குத் திரும்பினேன். ஒரு ஸ்கூட்டர் 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 3 யூனிட் தேவை. நாளுக்கு 30 கி.மீ. ஓட்டினால் 1 யூனிட். மாநிலத்தில் 10 லட்சம் ஸ்கூட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 10 லட்சம் யூனிட். 2024 ஏப்ரல் 30 அன்று தமிழ்நாடு ஒரே நாளில் பயன்படுத்தியது 45 கோடி யூனிட்டுக்கும் மேல். அதில் 10 லட்சம் என்பது ஆயிரத்துக்கு இரண்டு பங்கு சொச்சம்.

"பயமே வேண்டாம், அப்பாவை வாங்கச் சொல்லு" என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், எல்லாரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒண்ணா மாட்டுனா?"

அந்தக் கேள்விதான் என்னைத் திருத்தியது. நான் கணக்கிட்டது ஆற்றலை. அவள் கேட்டது திறனை. பாடத்தில் எந்த வேறுபாட்டைக் கற்பித்தேனோ, அதையே நான் கோட்டைவிட்டிருந்தேன். "சரியாக் கேட்டம்மா, சார் போட்டது பாதிக் கணக்குதான்" என்று சொல்லி மீண்டும் தொடங்கினோம்.

ஒரு ஸ்கூட்டர் சார்ஜர் 750 வாட் என்று கொண்டோம். 10 லட்சம் சார்ஜர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் 750 மெகாவாட். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் இது நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. பக்கத்து மாவட்டத்தில் கமுதியில் உள்ள சூரிய மின் நிலையத்தின் திறனே 648 மெகாவாட்தான். மாலை ஏழு மணிக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அதே 10 லட்சம் யூனிட்டை இரவு 10 முதல் காலை 6 வரை பிரித்து ஏற்றினால் சராசரியாக 125 மெகாவாட் போதும். ஸ்கூட்டர் அதே, யூனிட் அதே. மாறியது நேரம் மட்டுமே.

அடுத்து எங்கள் தெருவுக்கு வந்தோம். 100 கேவிஏ மின்மாற்றி ஏறத்தாழ 90 கிலோவாட் சுமை தாங்கும். அதன் கீழ் 40 ஸ்கூட்டர்கள் சேர்ந்து சார்ஜ் ஏறினால் 30 கிலோவாட். மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மின்விசிறி, டிவி, கிரைண்டர் ஓடும் நேரமும் அதுதான். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு ஒத்திசைவாக இணைந்தது. அதனால் மாநிலத்துக்கு மின்சாரம் வெளியிலிருந்து வர வழி அகலமானது. ஆனால் தெரு மின்மாற்றிக்கு அந்த உதவி எட்டாது. அதன் திறனைத்தான் உயர்த்த வேண்டும். கார் என்றால் கணக்கு இன்னும் கனம்: வீட்டில் பொருத்தும் 7 கிலோவாட் கார் சார்ஜர் ஒன்று, ஒன்பது ஸ்கூட்டர்களுக்குச் சமம்.

"அப்ப பகல்ல வெயில் கரண்ட்டுல போடலாமே சார்?" என்றான் ஒருவன். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். மருந்து கையாளும் அறைகளில் பகல் வெளிச்சத்தில் மட்டுமே வேலை நடக்கும். அங்கே சார்ஜ் போடுவதை நினைத்தும் பார்க்க முடியாது. அவர்களுக்கு இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வழி. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வண்டியை நிழலில் நிறுத்திவைக்கும் ஆசிரியர்களான நமக்குத்தான் பகல் வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் முதலில் பள்ளியின் வயரிங், எர்த் இரண்டையும் சரிபார்த்து, முறையான அனுமதியும் பெற வேண்டும்.

மறுநாள் அந்த மாணவன் வந்து சொன்னான்: "தாத்தா ஒத்துக்கிட்டாரு சார். ஆனா பத்து மணிக்கு முன்னாடி மாட்டக் கூடாதாம்."

இப்பாடத்தை நடத்தும் நண்பர்கள் இதைச் செய்து பார்க்கலாம். வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஓடும் கருவிகளின் வாட் அளவை மாணவர்கள் பட்டியலிட்டுக் கூட்டட்டும். இரவு பதினொன்றுக்கும் அதேபோல் ஒரு பட்டியல். மின்மாற்றி அருகே யாரும் போக வேண்டாம். அதன் திறனை வயர்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் திறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். என் வகுப்பில் எனக்கே அதை நினைவூட்டியது ஒரு பிள்ளைதானே!