சைனஸ் தொல்லையும் எங்க வீட்டு வைத்தியமும்



காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல். டிராயிங் போர்டில் குனிந்தால் நெற்றி பாரம், கன்னத்தில் குத்தல். நம்மில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. நான் செல்லூர்க்காரன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார். பஞ்சுத் தூசி எங்களுக்குச் சோறும் போடுகிறது, மூக்கையும் அடைக்கிறது. வீட்டில் முதலில் படிக்க வந்தவன் என்பதால், "இதுக்கு என்னடா காரணம்?" என்ற கேள்வி என்னிடம்தான் வருகிறது.

சைனஸ் என்பது நோயின் பெயரே அல்ல! எல்லோர் மண்டையிலும் உள்ள காற்றறைகளின் பெயர். மொத்தம் நான்கு ஜோடி. அவை வீங்கிச் சீழ் கட்டுவதைத்தான் சித்த வைத்தியர்கள் பீனிசம் என்பார்கள். கன்னத்து அறைதான் பெரியது, சுமார் 15 மில்லி பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதன் வடிகால் ஓட்டை அடியில் இல்லை, மேல் பக்கம் இருக்கிறது. அகலமும் சில மில்லிமீட்டர்தான். நம்ம சிவில் நண்பர்கள் இப்படி ஒரு தொட்டி வரைந்தால் சார் தாளைக் கிழித்துவிடுவார்! ஆனாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, சளியை மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. சளி பிடித்தாலோ தூசி ஏறினாலோ சவ்வு வீங்கும், ஓட்டை அடைபடும், நீர் தேங்கும். அதுதான் வலி. ஆகவே எந்த வைத்தியமானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: ஓட்டை திறக்கவும் இழைகள் வேலை செய்யவும் இது உதவுமா?

எங்க அப்பத்தாவின் கை மருந்து நொச்சி இலை போட்ட ஆவி. பிடித்தால் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிக்கடி சைனஸ் வரும் 871 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆவியால் தலைவலி மட்டும் குறைந்தது, மற்றபடி பெரிய பலன் இல்லை. உப்புத் தண்ணியில் மூக்கைக் கழுவியவர்களுக்குத்தான் ஓரளவு குணம் தெரிந்தது. ஆவி பிடிப்பவர்கள் பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள். கொதிநீர் கவிழ்ந்து வெந்து போகிறவர்கள் உண்டு, சிறு பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தைலம் தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். உண்மையில் அதிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவே. அந்த உணர்வு எப்படி வேலை செய்கிறது என்று கண்டவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், வெப்ப உணர்வு ஆராய்ச்சிக்காக 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகை பிடிப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. "தூசி போய்த்தானே அப்பத்தா இந்த வம்பு, புகையை வேற விடுறீங்களே?" என்றேன். "போடா, படிச்ச தொரை வந்துட்டான்!" என்றார். புகை அந்த இழைகளுக்குப் பகை என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

உப்புத் தண்ணிக்குக் கணக்கு எளிது. உடம்பு நீருக்கு ஒத்தது 0.9 சதவீதம். 250 மில்லிக்கு 2.25 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் துவாரத்தில் மெதுவாக ஊற்றினால் மறு துவாரத்தில் வரும். தண்ணியைத் தளதளவென ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து ஆறவைத்தது மட்டுமே ஆகும். குழாய்த் தண்ணி, போர் தண்ணி எதுவும் நேராகக் கூடாது! 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணியால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். 2024இல் கேரளத்தில் பிள்ளைகளைக் கொன்றதும் அதே மாதிரி நோய்தான். அமீபா உள்ள தண்ணியைக் குடித்தால் இந்த நோய் வராது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து.

அப்பா இப்போது தறியில் மூக்குக்குத் துண்டு கட்டுகிறார், இரவில் கழுவுகிறார். காலைத் தும்மல் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கும். பெரும்பாலும் காரணம் வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக்கும் தானாக வாங்க வேண்டாம்.

பத்து நாளாகியும் குறையாவிட்டால், கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுப்பாகப் பொருக்கு வந்தால், நொச்சி இலை தேடி நேரம் போக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.