கம்பத்து எண்ணை எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் நேற்று வந்தது. கடற்கரைத் தெரு முனையில் 12 நாளாக விளக்கு எரியவில்லை, டியூஷன் முடிந்து செல்போன் வெளிச்சத்தில்தான் வீடு திரும்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரு விளக்கு மாட்ட முடியாத பேரூராட்சி எதற்கு, மாதாமாதம் மன்றம் கூடி என்னதான் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். கோபம் நியாயமானது. இருட்டுத் தெருவில் ஒரு பெண்பிள்ளை தனியாக நடந்து வருவதைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். "ஆபீசில் போய்ச் சொன்னேன், சரிம்மா பார்க்கிறோம் என்றார்கள்." சொன்னாய், சரி. எழுதிக் கொடுத்தாயா?

நான் பேரூராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த ஊர் வேறு, உன் ஊர் வேறு. இருந்தாலும் பேரூராட்சி அலுவலகம் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். தமிழ்நாட்டில் 490-ஐ ஒட்டிப் பேரூராட்சிகள் உண்டு. தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, பரங்கிப்பேட்டை, மரக்காணம், தொண்டி, மண்டபம் என்று கடலோரத்திலேயே நிறைய இருக்கின்றன. பார்க்கக் கிராமம் மாதிரி இருக்கும், ஆனால் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் கணக்கில் இவை நகர்ப்புற உள்ளாட்சிகள். அதனால் பக்கத்து ஊராட்சியில் இருப்பதுபோல் இங்கே கிராம சபை கிடையாது. மரத்தடியில் எல்லோரும் கூடியிருக்க எழுந்து நின்று கேட்கும் கிராம சபை இல்லாத ஊரில், எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்கு மதிப்பு கூடுதல்.

உன் விளக்கையே எடுத்துக்கொள். கம்பம் மின்வாரியத்துடையது. அதில் தொங்கும் விளக்கு பேரூராட்சியுடையது, அதற்குக் கரண்ட் பில் கட்டுவதும் பேரூராட்சிதான். கடலோரத்தில் விளக்குகள் சீக்கிரம் போகும். உப்புக்காற்று கிளாம்பைத் தின்றுவிடும், திருகாணி துருவேறிக் கழற்ற வராது, எல்.இ.டி. விளக்குக்குள் ஈரம் இறங்கிவிடும். நீ ஒரு மனு கொடுத்தால் அது தபால் பதிவேட்டில் ஏறும். அதற்கு ஒரு ந.க. எண், அதாவது நடப்புக் கணக்கு எண், விழும். செயல் அலுவலர் பார்த்து ஓரத்தில் சுருக்கொப்பம் போடுவார், பிறகு அது அந்தப் பிரிவு எழுத்தரின் மேசைக்குப் போகும். கையிருப்பில் விளக்கு இருந்தால் எலக்ட்ரீஷியன் மாட்டிவிடுவார், மன்றத்துக்கு அதில் வேலையே இல்லை. கையிருப்பு தீர்ந்திருந்தால்தான் விஷயம் மன்றத்துக்குப் போகும். புதிதாக இத்தனை விளக்கு வாங்க வேண்டும் என்று எழுத்தர் குறிப்பு எழுதும்போது எதை வைத்துக் கணக்குப் போடுவார் என்று நினைக்கிறாய்? பதிவேட்டைப் புரட்டி மனுக்களை எண்ணித்தான். நீ வாயால் சொன்ன விளக்கு அந்த எண்ணிக்கையில் சேராது.

மன்றக் கூட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டாயே. நீளமான மேசை, தலைவர், துணைத் தலைவர், சுற்றி வார்டு உறுப்பினர்கள், ஓரத்தில் பதிவேடுகளோடு நாங்கள். அஜெண்டாவில் ஒவ்வொரு விஷயமும் 'பொருள் எண்' என்று வரிசையாக இருக்கும். கீழே அலுவலகக் குறிப்பு, அதன் முடிவில் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது' என்ற வழக்கமான வரி. வரவு செலவு, குடிநீர் மோட்டார் காயில் கட்டியது, சாக்கடை அடைப்பு எடுத்தது, குப்பை வண்டிக்கு டயர். இப்படித்தான் 20 பொருள், 30 பொருள் போகும். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. எங்கள் மன்றத்துக்கு மீனவர் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர். அஜெண்டாவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிப்பார், அவர் படித்து முடிக்கும்வரை கூட்டம் காத்திருக்கும். சிலருக்கு அது சலிப்பு. ஒருநாள் பிளீச்சிங் பவுடர் வாங்கும் பொருள் வந்தது. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று குறிப்பில் இருந்தது. அந்த அம்மா கேட்டார்: "ஏன் சார், எங்க வீட்டு உப்பே நாலு நாள்ல கசிஞ்சு தண்ணியா நிக்குது. இந்தப் பவுடரு ஒரு வருஷம் மூட்டையில அப்படியே இருக்குமா?"

இருக்காது. நல்ல பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்கும். ஈரமும் வெப்பமும் பட்டால் அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். எங்கள் ஸ்டோர் ரூம் கடலுக்கு ரொம்பப் பக்கம். மலிவாக வாங்கிய மூட்டையில் ஆறு மாதம் கழித்துப் பெரும்பாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும், டேங்க் ஆபரேட்டர் அதைத்தான் அளவு தப்பாமல் கரைத்துக் குடிநீர்த் தொட்டியில் ஊற்றுவார். அன்றைக்குத் தீர்மானத்தை மாற்றி எழுதினோம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொள்முதல், மூட்டைகள் பலகை மேல், சுவரைத் தொடாமல். தீர்மானப் புத்தகத்தில் அது நாலே வரி. என் 31 வருஷ வேலையில் நான் எழுதிய நல்ல வரிகளில் அந்த நாலும் உண்டு என்று நினைக்கிறேன்.

அந்த நாலு வரியை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு பாரம் இருக்கிறது. இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். மழைக்காலம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாட்டி வந்து, எங்கள் தெருக் கடைசிக் குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, ஒரு நாற்றமும் அடிக்கிறது என்றார். "சரிம்மா, சொல்லிடறேன்" என்றேன். எழுத வரவில்லை அவருக்கு. நான்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. வரி வசூல் கணக்கு முடிக்கிற அவசரத்தில் குழாய் ஃபிட்டரிடம் சொல்லவும் மறந்துபோனேன். ஐந்தாறு நாளில் அந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடவுள் புண்ணியம், எல்லாப் பிள்ளைகளும் பிழைத்து வீடு வந்தன. தோண்டிப் பார்த்தபோது சாக்கடைக்கு அடியில் போன பைப் ஜாயின்ட் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டில் புகாரே இல்லையே, எப்படிக் கேட்பார்கள்? அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது.

அதற்குப் பிறகு என் மேசையில் ஒரு நோட்டு வைத்தேன். வாயால் சொல்ல வருகிறவர்களிடம் பெயர், தெரு, என்ன குறை என்று நானே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கித் தபாலில் சேர்த்துவிடுவேன். டேங்க் ஆபரேட்டரோடு நானும் மாதம் ஒருமுறை தெருக் கடைசிக் குழாய்க்குப் போவேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விடுவார். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். அந்த மஞ்சளைப் பக்கத்திலிருக்கும் வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தொட்டிக்குக் கீழே முதல் குழாயில் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது பாப்பா. கடைசிக் குழாயில் மஞ்சள் வந்தால்தான் ஊருக்கே நல்ல தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கடலோர ஊர் என்பதால் வேறு சில விவகாரங்களும் மன்றத்துக்கு வரும். மீன் அங்காடியில் கட்டணம் வசூலிக்கும் உரிமையை வருஷத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். ஏலம் கேட்கிறவர் முதலில் டேவணித்தொகை என்ற முன்பணம் கட்ட வேண்டும். குத்தகை ஏப்ரல் 1-ல் தொடங்கும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். குத்தகை எடுத்தவருக்கு இரண்டே வாரத்தில் வரும்படி படுத்துவிடும். அந்த நட்டத்தை அவர் யாரிடம் எடுப்பார்? கூடைக்காரப் பெண்களிடம்தான். ஏலம் அதிகத் தொகைக்குப் போனது என்று மன்றம் மகிழ்வதில் எனக்குச் சம்மதம் கிடையாது. கூடைக்கு எவ்வளவு, தள்ளுவண்டிக்கு எவ்வளவு என்று அங்காடி வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

மழைநீர் வடிகால் கடலில் சேரும் வாய் கோடையில் மணல் ஏறி மூடிக்கொள்ளும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வெட்டிவிட வேண்டும். அக்டோபரில் மழை பிடித்த பிறகு ஜே.சி.பி. தேடினால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். எனவே ஆகஸ்டு, செப்டம்பர் கூட்டத்திலேயே அந்தப் பொருள் வர வேண்டும். கடலோரம் வீடு கட்ட வரைபடம் கொடுத்தால் பேரூராட்சி மட்டும் முடிவு செய்துவிட முடியாது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே நிற்கும். அது தனிக் கடிதத்துக்கு ஆகும்.

மீனவர் தெருவில் அவர்களுக்கென்று ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, உனக்கே தெரியும். வலைத் தகராறு, கோயில் வரி எல்லாம் அங்கே பேசித் தீரும். தெருவுக்குக் குழாய் வேண்டும் என்றால் அந்தப் பஞ்சாயத்தாரும் ஒரு கடிதம் எழுதி எங்களிடம்தான் வருவார்கள். அதற்கும் ந.க. எண்தான்.

மன்றமும் எப்போதும் இருந்ததில்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை மன்றமே இல்லை. தனி அலுவலர் ஒருவர் கையெழுத்தில் எல்லாம் நடந்தது. வேலை நிற்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உப்பு கசிகிறதே என்று கேட்க அந்த மேசையில் ஒருவரும் இல்லை. தீர்மானப் புத்தகத்தின் அந்த ஐந்து வருஷப் பக்கங்களைப் பார்த்தால் உனக்கே புரியும். பார்க்க வழியும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால் 30 நாளில் தீர்மான நகல் தர வேண்டும்.

இப்போது உன் விளக்கு. நாளைக்குப் பகலில் அந்தக் கம்பத்தருகே போய்ப் பார். நெஞ்சு உயரத்தில் பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும். உப்புக்காற்றில் அழிந்து போயிருந்தால் எதிர்வீட்டுக் கதவு எண்ணை எழுதிக்கொள். செயல் அலுவலருக்கு ஒரே பக்கத்தில் மனு எழுது: எந்தத் தெரு, எந்தக் கம்பம், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை. நீ நடந்து வரும் நேரத்தையும் எழுது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போ. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள். "சரிம்மா, நாங்க சொல்லிடறோம்" என்று யாராவது சொன்னால், ந.க. எண் விழும்வரை அங்கேயே நின்று கேள். வார்டு உறுப்பினர் வீட்டிலும் ஒரு நகல் கொடுத்துவிடு.

போகும்போது பக்கத்து வீட்டு ஆயாவிடம் அவர்கள் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேள். ஏதாவது குறை சொன்னால் அதையும் உன் கையால் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியம்மா